ஆதாரம்: அசோகன், பிரஸ் ஷாப்

பெற்றவள் அசோகனை மகன் என்றாள். கம்பெனி அவரை டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டது. மனைவி ருக்குவுக்குக் கோபம் வந்தால் சொல்லும் பெயர்களை இங்கே எழுத முடியாது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவரை 'ஆதாரம்' என்று அழைத்துக் கடிதம் போட்டது சர்வோத்தமா யுனிவர்சிடி ஒன்றுதான்.

கடிதத்தை மகள் சோனியா படித்துத் தமிழில் சொன்னாள். அவள் எழுதிக் கொடுத்த வாதக் கட்டுரையில் அசோகன் என்பவர் ஆதாரமாகக் காட்டப்பட்டிருக்கிறார். மேற்படி ஆதாரத்தைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், ஆதார நேர்மை மையத்தின் முன் அசலுடன் வரவும்.

"அசலுன்னா இன்னாம்மா எடுத்துகினு போணும்?" என்றார் அசோகன்.

"நீதாம்பா அசல்."

"ஜெராக்ஸ் கேட்டா?"

சமையலறையிலிருந்து ருக்கு எட்டிப் பார்த்தாள். "இன்னா பண்ணி வச்சா இவ? காலேஜுல அப்பனை வரச் சொன்னா நல்ல விஷயமாவா இருக்கும்?"

நல்ல விஷயமாகத்தான் தொடங்கியது. பொம்மசந்திராவில் அசோகன் வேலை பார்க்கும் கம்பெனியில் பிரஸ் ஷாப் என்று ஒரு கொட்டகை உண்டு. இரும்புத் தகட்டை அடித்து வளைத்து பைக்குக்கு வேண்டிய பாகங்களாக்கும் மெஷின்கள் அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வோர் அடிக்கும் தரை துள்ளும். கல்யாணத்துக்கு முன்னால் போய் அங்கே நின்றவர், இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். வலது காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. குழாயைத் திறந்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்து, டாங்க் காலியான அன்று ருக்குதான் கண்டுபிடித்தாள். இப்போது இடது காதும் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிடுங்கள், அங்கே சத்தம் இல்லை, மிச்சமிருக்கும் ஒரு காதை வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் ஓஸ்வால்டிடம் கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்தது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து காரில் வரும் ஓஸ்வால்ட் கெட்ட மனிதர் இல்லை. நன்றாகத் தலையாட்டுவார். "மெஷின் சத்தத்துலதான் காது போச்சுன்னு என்ன ப்ரூஃப் அசோகன்? வயசானா எல்லாருக்கும்தான் போவும்" என்பார். அதையும் வலது காதுப் பக்கம் நின்றுதான் சொல்வார்.

சோனியா பி.ஏ. இரண்டாம் வருஷம். அவளுடைய யுனிவர்சிடிக்கும் அப்பாவின் கம்பெனிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. தொழிலாளர் நலம் பற்றி மாணவர்கள் எழுதும் வாதக் கட்டுரைகளில் தேறியவை கம்பெனி நிர்வாகத்தின் மேஜைக்குப் போகும். நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஓஸ்வால்டின் தலையாட்டலைத் தாண்டி மேலே போக இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று சோனியா கணக்குப் போட்டாள். ஒரு காது போனவரை மறு காதும் போகும்வரை பிரஸ் ஷாப்பில் நிறுத்தி வைப்பது நியாயமா என்று கேட்டு எழுதினாள். கடைசியில் ஆதாரம் காட்டும் இடத்தில், வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி ஒளிவுமறைவு இல்லாமல், 'அசோகன், பிரஸ் ஷாப். என் அப்பா' என்று போட்டாள். அந்த நேர்மைதான் வினையாயிற்று.

ஆதார நேர்மை மையம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. உள்ளே மல்லிகை வாசனை ஸ்ப்ரே மூக்கை அடைத்தது. சுவர் முழுக்க நேர்மையைப் பற்றிய பொன்மொழிகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எதற்குக் கீழேயும் சொன்னவர் பெயர் இல்லை.

மையத்தின் ஒருங்கிணைப்பாளன் கேசவ். கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் பொறுமை. அவன் அசோகனையும் கூட வந்த சோனியாவையும் உட்கார வைத்து, அசோகனிடம் விவரம் பிடித்தான்.

"பப்ளிஷ் ஆன வருஷம்?"

"ஆங்?" அசோகன் இடது காதைத் திருப்பினார்.

"நீங்க வெளிவந்த வருஷம் சார்."

"எழுவத்தி நாலு. வாணியம்பாடி கவர்மென்ட் ஆஸ்பத்திரி."

கேசவ் தட்டிக்கொண்டான். "வேற பிரதி ஏதாச்சும் இருக்கா? ட்வின்ஸ் மாதிரி?"

"ஒரு தங்கச்சி கீது."

"அது வேற வால்யூம். தேவையில்ல." அவன் அசோகனின் சட்டைப் பையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினான். 'முதன்மை ஆதாரம், சரிபார்ப்பில்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார், கொஞ்சம் பொறுத்துக்குங்க. கூப்பிடற வரைக்கும் இடத்தை விட்டு எழுந்துக்காதீங்க. ஆதாரம்னா தேடற நேரத்துல தேடற இடத்துல இருக்கணும்."

"பாத்ரூம்?"

கேசவ் டேப்லெட்டில் விதிமுறையைத் தேடினான். அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதாத ஒன்றை அனுமதிக்க அவனுக்கு அதிகாரமில்லை. அசோகன் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் வைத்தீஸ்வரன். மைசூர் அரசாங்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேனா பிடித்த குடும்பம். அவருக்குக் கட்டைவிரலை நாக்கில் தடவிப் பக்கம் புரட்டும் பழக்கம். வெண்ணெய் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சோனியாவின் கட்டுரையைப் புரட்டினார். பக்கம்தோறும் எச்சில் வட்டம் பதிந்தது, எழுத்தின் மேல் பிஸ்கட் தூள் உதிர்ந்தது. பொண்ணு ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியதாயிற்றே என்று அசோகன் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் கை பரபரத்தது.

"மிஸ்டர் அசோகன்" என்று ஆரம்பித்தார் வைத்தீஸ்வரன். "இன்னிக்கு நாட்டுல பெரிய வியாதி எது தெரியுமா? கண்டவனும் கண்டதைப் பேசறான். பார்த்தேங்கறான், பட்டேங்கறான். நீ பார்த்தா போதுமா? பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்ற தகுதி உனக்கு இருக்கா? இந்த மையம் அந்த சுத்தத்துக்காகத்தான் இருக்கு. ஒரு விஷயம் நிஜமா பொய்யாங்கறது எங்க டிபார்ட்மென்ட் இல்ல. யார் சொன்னாங்கங்கறதுதான் எங்க டிபார்ட்மென்ட்."

அசோகனுக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதிக்குத் தலையாட்டினார்.

"இப்ப டெஸ்ட். வலது காது கேட்காதுன்னு உங்க டாட்டர் எழுதியிருக்கா." வைத்தீஸ்வரன் எழுந்து அசோகனின் வலப்பக்கம் வந்து குனிந்து எதையோ முணுமுணுத்தார். பிஸ்கட் வாசனை மட்டும் வந்தது. அவர் முன்னால் வந்து நின்றார். "நான் என்ன சொன்னேன்?"

"தெரியலீங்க சார்."

வைத்தீஸ்வரன் வெற்றியோடு கேசவைப் பார்த்தார். "கேட்ட கேள்விக்குச் சரியா பதில் சொல்றார். அப்ப கேக்குது. எழுதிக்கோ, ஆதாரத்துல முரண்பாடு."

"சார், கடைசியா கேட்டதை நீங்க முன்னால வந்து நின்னுதானே கேட்டீங்க" என்றாள் சோனியா.

"கட்டுரையாளர் ஆதாரத்துக்காகப் பேசக்கூடாதும்மா. அது பாரபட்சம்."

அவர் மறுபடி உட்கார்ந்து புரட்டினார். ஈரக் கட்டைவிரல் ஒரு பக்கத்தில் நின்றது. முகம் மலர்ந்தது. வாய்விட்டுப் படித்து, அசோகனுக்காகத் தமிழிலும் சொன்னார்: "தினமும் காலையில பதினொரு மணிக்கு பிரஸ் ஷாப்புல எல்லா மெஷினையும் நிறுத்துவாங்க. எல்லாரும் கண்ணை மூடி உட்காருவாங்க. கூரைத் தகட்டு மேல காக்கா நடக்கறது கேக்கும். அதுக்குப் பேரு காது இடைவேளை. சத்தம் காதைக் கெடுக்கும்னு கம்பெனிக்கே தெரியும்ங்கறதுக்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். அடடா!"

அசோகன் திரும்பி மகளைப் பார்த்தார். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்ததால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது. பிரஸ் ஷாப்பில் காது இடைவேளை என்று ஒன்று கிடையவே கிடையாது. சோனியா இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ருக்குவோடு கம்பெனி கேட்டுக்கு வந்தாள். சத்தம் கேட்டு மிரண்டு போய், அப்பா காது வலிக்குமே என்று வீட்டில் ஒரே அழுகை. அவளைத் தூங்கவைக்க அவர் கட்டிவிட்ட கதை அது. காக்கையையும் அவர்தான் சேர்த்தார். பிள்ளைகள் எதை எதையோ மறக்கும், இந்தப் பிள்ளை இதை மறக்கவில்லை. அதையே தூணாக நிறுத்தி அப்பாவுக்காக ஒரு கட்டுரையை எழுப்பியிருக்கிறது.

"சார், அந்த இடைவேளை வந்து..."

வைத்தீஸ்வரன் கையை உயர்த்தினார். "ஆதாரம் தன்னைத்தானே விளக்கக்கூடாது மிஸ்டர் அசோகன். நாங்க விளக்கிக்குவோம்."

பிறகு தீர்ப்பு. கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் அசோகன் எந்தப் பத்திரிகையிலும் வெளியானவர் இல்லை, அவரை மேற்கோள் காட்ட முடியாது. இந்த விஷயம் என்றைக்காவது எங்காவது பிரசுரமானால் சோனியா மறுபடி சமர்ப்பிக்கலாம். அதுவரை கட்டுரை மையத்தின் பாதுகாப்பில் இருக்கும். இப்படிச் சொல்லிவிட்டு, பாதுகாப்பாக அதைத் தன்னுடைய தோல் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் சோனியா அந்த 'அடடா'வைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அசோகன் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

மழைக்காலத்தில் வைத்தீஸ்வரனின் ஆய்வுக்கட்டுரை ஒரு பெரிய பத்திரிகையில் வெளிவந்தது. 'உழைப்பின் நடுவே மௌனம்: ஒரு நேரடிக் கள ஆய்வு.' கேசவே அதை சோனியாவுக்கு அனுப்பி, உங்கள் விஷயம் பிரசுரமாகிவிட்டது, வாழ்த்துகள் என்று எழுதியிருந்தான். பாவம், அவன் மனதாரத்தான் வாழ்த்தினான்.

சோனியா படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'நான் பிரஸ் ஷாப்பின் நடுவே நின்றேன். மணி பதினொன்று. மெஷின்கள் ஓய்ந்தன. தொழிலாளர்கள் கண்மூடி அமர்ந்தனர். கூரைத் தகட்டில் ஒரு காக்கை நடப்பது கேட்டது. என் கண்கள் பனித்தன.' கண் பனித்தது மட்டும்தான் அவருடைய சொந்தச் சரக்கு. வலது காது போன ஒரு தொழிலாளியும் அதில் வந்தார், டாங்க் காலியான கதையும் வந்தது, சத்தம் போட்டே பேசிப் பழகிவிட்ட மனைவியும் வந்தாள். அசோகன் என்ற பெயர் எங்கும் இல்லை. சோனியா என்ற பெயரும் இல்லை. முடிவை மட்டும் தலைகீழாகத் திருப்பியிருந்தார். தொழிலாளியின் காதுக்காகத் தினமும் மெஷினையே நிறுத்தும் இந்தக் கம்பெனியின் கருணை உலகுக்கே பாடம் என்று முடித்திருந்தார்.

சோனியா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு, போகட்டும், இப்போது பிரசுரமான ஆதாரம் கிடைத்துவிட்டது, அப்பாவின் காதுதான் முக்கியம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தன் பழைய கட்டுரையின் நகலை மறுபடி சமர்ப்பித்தாள்.

ஒப்புமை பார்க்கும் கம்ப்யூட்டர் அதைப் படித்துவிட்டுச் சிவப்பாக எரிந்தது. டாக்டர் வைத்தீஸ்வரனின் கட்டுரையோடு எழுபத்தொரு சதவீதம் ஒத்துப்போகிறது, ஆகவே திருட்டு என்றது.

மறுபடி விசாரணை. மறுபடி மல்லிகை ஸ்ப்ரே, மறுபடி சட்டைப் பையில் ஸ்டிக்கர். இந்தத் தடவை அசோகன் வீட்டிலேயே பாத்ரூம் போய்விட்டு வந்தார்.

"சார், என் கட்டுரை ஜனவரியிலேயே உங்க பைக்குள்ள போச்சே" என்றாள் சோனியா.

கேசவ் டேப்லெட்டைப் பார்த்தான். "ஏத்துக்காத கட்டுரை ரெக்கார்டுல ஏறாதும்மா. ரெக்கார்டுல இல்லாத கட்டுரையிலேருந்து யாரும் எடுத்திருக்க முடியாது. உன் கட்டுரை தேதி ஆகஸ்ட். சாரோடது ஜூலை."

"எனக்கு வருத்தமா இருக்கு" என்றார் வைத்தீஸ்வரன். உண்மையாகவே வருந்தும் முகம். "எங்க தாத்தா ஆபீஸ் பேனாவால வீட்டுக் கடுதாசி எழுத மாட்டார். அந்த ரத்தம். ஒருத்தர் உழைப்பை இன்னொருத்தர் பேர் சொல்லாம எடுத்தா எனக்குத் தூக்கம் வராது. ஒரு வருஷம் சஸ்பென்ஷன்னுதான் விதி சொல்லுது."

அசோகன் எழுந்து நின்றார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷனே இல்லை என்று அவருக்குப் பட்டது. மகளைப் பார்க்காமல் பேசினார்.

"சார், அந்தக் காது இடைவேளைன்னு ஒண்ணு இல்லவே இல்ல. மெஷின் நின்னா ஓஸ்வால்ட் சாரு ஓடி வந்துருவாரு. எம் பொண்ணு சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல அழுதுச்சு. அழுகைய நிறுத்த நான் சொன்ன கதை அது. காக்காவும் கதைதான். இல்லாததுக்கு நடுவுல போய் நீங்க எப்படி சார் நின்னீங்க?"

ஏ.சி. ஓடுவது அசோகனுக்கே கேட்டது. சோனியா அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். கேசவின் விரல் டேப்லெட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

வைத்தீஸ்வரன் கட்டைவிரலை நக்கிக்கொண்டு தன் கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார்.

"உட்காருங்க மிஸ்டர் அசோகன். இது மூணு பேராசிரியர் பரிசோதிச்சு ஓகே பண்ணின கட்டுரை. உங்களை யார் பரிசோதிச்சாங்க?"

"நான் அங்கதானே சார் வேலை செய்யறேன்."

"அதுதான் பிரச்சினை. தினமும் உள்ளேயே இருக்கறவனுக்குத் தூரம் கிடையாது. தூரம் இல்லேன்னா பார்வை தெளியாது. நான் அந்த கம்பெனி கேட்டைக்கூடத் தாண்டினதில்ல. அவ்வளவு தூரத்துலேருந்து பார்த்திருக்கேன்." சொன்னதன் அழகில் அவரே ஒரு கணம் மயங்கினார். "தவிர, இப்ப நீங்களே பொய் சொன்னதா ஒத்துக்கிட்டீங்க. பொய் சொல்றவர் சொல்றதை வெச்சு, என் கட்டுரை பொய்னு எப்படி முடிவு பண்றது? கேசவ், எழுதிக்கோ. ஆதாரம் நம்பத்தகாதது. நீக்கப்படுது."

கேசவ் எழுந்து வந்து அசோகனின் சட்டையிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்த்தான். அதோடு கொஞ்சம் நூலும் வந்தது.

கருணையும் காட்டினார் வைத்தீஸ்வரன். சஸ்பென்ஷன் வேண்டாம். எடுத்த இடத்திலெல்லாம் சோனியா அவர் பெயரைப் போட்டுவிட்டால் போதும், கட்டுரை தேறிவிடும், கம்பெனிக்கும் போகும். காது இடைவேளைப் பத்தியை எடுத்துவிடுகிறேன் என்று சோனியா கெஞ்சிப் பார்த்தாள். மேற்கோளின் உயிரையே எடுப்பது மூல ஆசிரியருக்கு அவமரியாதை என்று கேசவ் விதிமுறையைக் காட்டினான்.

பொம்மசந்திரா போகும் மெட்ரோவுக்காக நின்றபோது சோனியா கேட்டாள். "பொய்யாப்பா?"

"நீ அழுதம்மா. வேற இன்னா பண்றது?"

"என் கட்டுரையோட முதுகெலும்பே அதுதான். மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல?"

"அவரு 'அடடா'ன்னாரு. உம் மூஞ்சி எப்படி ஆச்சு தெரியுமா அப்ப. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது."

ரயில் வந்தது, போயிற்று. இருவரும் ஏறவில்லை. சோனியாவுக்கு அப்பா மேல் கோபம் இருந்தது. ஆனால் அந்த ஈரக் கட்டைவிரலை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கோபம் இடம் தெரியாமல் போயிற்று. "நீ எனக்காகச் சொன்னப்பா. அந்தாளு நின்னேன், கேட்டேன், அழுதேன்னு எழுதி வச்சிருக்கான். சீ!" என்றாள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் தன்னைத்தான் சொன்னாளோ என்று தள்ளிப் போனாள்.

வீட்டில் சோனியா கட்டுரையைத் திருத்தினாள். 'என் அப்பாவுக்கு வலது காது கேட்காது (வைத்தீஸ்வரன், பக்கம் ஒன்பது). என் அம்மா சத்தமாகப் பேசுவார் (வைத்தீஸ்வரன், பக்கம் பத்து).' இதைப் படித்துக் காட்டியதும் ருக்கு கரண்டியோடு வந்துவிட்டாள். "எவன் அவன்? எம் பேச்சைப் பத்தி பத்தாம் பக்கத்துல பேசறவன்? என்னிக்கு என் வீட்டுக்கு வந்தான் அவன்?" பத்தாம் பக்கத்தில் எழுதியிருந்த அதே சத்தத்தில்தான் கேட்டாள்.

கட்டுரை தேறியது. கம்பெனிக்குப் போனது. நிர்வாகம் ஒப்பந்தப்படி எழுத்தில் பதில் சொன்னது. ஓஸ்வால்ட் அசோகனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் படித்தார். இந்தத் தடவை இடது பக்கம் நின்று படித்தார், அந்த மட்டில் நன்றி. தொழிலாளியின் காதுக்குக் கம்பெனி தினமும் ஓய்வு கொடுப்பதை டாக்டர் வைத்தீஸ்வரனின் கள ஆய்வு ஐயமற நிறுவியிருக்கிறது. எனவே காது கெட்டதற்கு மெஷின் காரணமாக இருக்க வழியில்லை. இடமாற்றம் அவசியமில்லை. உண்மையை வெளிக்கொண்டுவந்த மாணவிக்குப் பாராட்டுகள்.

"ஓஸ்வால்ட் சார், உங்களுக்குத் தெரியாதா? எந்த இடைவேளை? எப்ப நின்னுச்சு மெஷினு?"

ஓஸ்வால்ட் ஜன்னலைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு என்ன அசோகன். பேப்பர்ல வந்துடுச்சே. மேல இருக்கறவங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

சந்தோஷம் விழாவாக மாறியது. பிரஸ் ஷாப் வாசலில் பந்தல் போட்டார்கள். மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையும் சந்தன மாலையும் வாங்கினார்கள். வைத்தீஸ்வரன் வந்தார். தன் வாழ்நாளில் முதல் முறையாக அந்த கேட்டைத் தாண்டினார். ஒரு பெரிய பலகை திரைக்குப் பின்னால் காத்திருந்தது. மெஷின்களை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. உற்பத்தி கெட்டுவிடும். ஆகவே கொட்டகை இடித்துக்கொண்டே இருந்தது, அவர் மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார்.

"ஒரு கருத்து எங்கேருந்து வந்துதுன்னு பார்க்கறது அற்பத்தனம்! அது எங்கே போய்ச் சேர்ந்துதுன்னு பார்க்கணும்! காவிரி குடகுல யார் வீட்டுக் கொல்லையில பொறக்குதுன்னு நாம கேக்கறோமா? குடிக்கறோம் இல்லையா?"

முன்வரிசை கைதட்டியது. சரியாகப் பதினொரு மணிக்குத் திரையை விலக்கினார்கள். பலகையில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் தங்க எழுத்துகள் மின்னின. 'தினமும் காலை பதினொரு மணிக்குக் காது இடைவேளை கடைப்பிடிக்கும் தொழிற்கூடம். ஆய்வு: டாக்டர் வைத்தீஸ்வரன், பக்கம் ஒன்பது.' அந்த நேரத்தில் பெரிய பிரஸ் இறங்கிய அடியில் பலகை ஆணியோடு அதிர்ந்தது. வைத்தீஸ்வரன் காதைப் பொத்திக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார். உள்ளே தன் மெஷின் முன்னால் நின்ற அசோகனுக்குப் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் பொத்திய அந்தக் கைகளைத்தான்.

அன்று சாயங்காலம் அவர் சோனியாவிடம் ஒரு பாடம் கேட்டார். "மேற்கோள் எப்படிம்மா சொல்லணும்? மொதல்ல பேரா, பக்கமா?"

"பேர், வருஷம், பத்திரிகை, பக்கம். எதுக்குப்பா?"

"சும்மா சொல்லிக் கொடேன்."

அவள் சொல்லச் சொல்ல, அவர் வாய்க்குள் முணுமுணுத்துப் பழகினார்.

மறுநாள் காலை, கொட்டகைச் சுவரிலிருந்த கடிகாரம் பதினொன்றைத் தொட்டது. அசோகன் தன் மெஷினின் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினார். மெஷின் தகட்டை அடிக்கும் தலையை மேலே தூக்கியபடி நின்றது. அடுத்த மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். அசோகன் வாசல் பலகையை நோக்கி விரலைக் காட்டினார். அவர் பார்த்தார், ஒரு நொடி யோசித்தார், தன் பொத்தானை அழுத்தினார். பிறகு அதற்கடுத்தவர். வரிசை ஒவ்வொன்றாக ஓய்ந்து வந்தது. கடைசி பிரஸ் நின்றதும் கொட்டகைக்குள் இறங்கிய அமைதியில் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலருக்குப் பயமாகவே இருந்தது. அசோகன் தகட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஓஸ்வால்ட் ஓடி வந்தார். "என்ன ஆச்சு? கரன்ட் போச்சா? யார் நிறுத்தச் சொன்னது?"

அசோகன் கண்ணைத் திறக்கவில்லை. இடது காதை மட்டும் அவர் பக்கம் திருப்பினார்.

"வைத்தீஸ்வரன். இந்த வருஷம். 'உழைப்பின் நடுவே மௌனம்'. பக்கம் ஒன்பது, கீழேருந்து ரெண்டாவது பாரா."

ஓஸ்வால்ட் வாயைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். அதன் கீழ்மூலையில் நிர்வாக இயக்குநரின் கையெழுத்தும் தங்கத்தில் இருந்தது. செல்போனை எடுத்து வைத்தீஸ்வரனுக்கு அடித்தார். அமைதியில் எதிர்முனைக் குரல் சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"நிறுத்திட்டாங்களா? நிஜமாவா? யாரைக் கேட்டு?"

"உங்க பேப்பரைத்தான் சார் சொல்றாங்க."

"அது படிக்கறதுக்கு எழுதினது ஓஸ்வால்ட்" என்றது எதிர்முனை.

"அப்ப தப்புன்னு எழுதிக் கொடுத்துடுங்க சார். இப்பவே பலகையைக் கழட்டிடறேன்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. ஓஸ்வால்ட் செல்போனைப் பையில் போட்டார். பிறகு கைக்குட்டையால் ஒரு தகட்டுக் கட்டைத் துடைத்துவிட்டு அசோகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம்?"

"அவரு எழுதலையே சார். காக்கா நடந்து முடிக்கிற வரைக்கும்."

அசோகன் காதைத் தீட்டிக்கொண்டு மேலே கவனித்தார். கூரைத் தகட்டில் காக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் சாவகாசமாகக் காத்துக்கொண்டிருந்தார்.